நூற்றுக்கு மூன்று

தாழைமேடு ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் பன்னிரண்டு வருடமாக எழுதுவது என் கைதான். ஊராட்சி செயலர் என்று பதவிப் பெயர். ஊரில் கிளார்க்கு என்பார்கள். என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கிறது என்று வந்த அதிகாரிகள் எல்லாம் பாராட்டியிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒருவரும் படித்துப் பார்த்ததில்லை. அந்த வசதியில்தான் இத்தனை காலம் வண்டி ஓடியது. தேவகி அக்காவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் இதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

தேவகி அக்கா எங்கள் ஊராட்சியின் நான்காவது வார்டு உறுப்பினர். பிழைப்புக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர் வேலை. பதினெட்டு வயதில் பசை தடவும் பிரிவில் சேர்ந்து, ஆறு வருடம் விரல் நுனித் தோல் உரிய உரியப் பசை தடவிவிட்டு, அப்புறம் செக்கிங் மேசைக்கு வந்தார். அந்த மேசையில் இருபத்திரண்டு வருடம். தைத்து வரும் ஷூவைக் கையில் வாங்கி ஒரு மடக்கு மடக்கினாலே தோல் தளர்ந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். இடது காலும் வலது காலும் ஒரே நிறமா, தையல் எங்காவது தாவியிருக்கிறதா என்று கண் ஒரு சுற்றுச் சுற்றி வரும். குறை தெரிந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கூடையில் போடுவார். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் அந்த ஸ்டிக்கர் கழலாது.

கம்பெனியோடு விட்டாரா என்றால் இல்லை. தெருக்குழாய் ஒழுகுகிற மூட்டு, பள்ளிக்கூடக் கழிப்பறையின் தாழ்ப்பாள் இல்லாத கதவு, ரேஷன் கடையின் கோணல் தராசு என்று போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொண்டே போவார். மேலதிகாரி ஆய்வுக்கு வந்த ஒரு நாள் எங்கள் அலுவலகச் சுவரின் விரிசல்களில் ஏழு ஸ்டிக்கர் இருந்தன. நகத்தால் சுரண்டி எடுத்தவன் நான். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் உள்ளாட்சித் தேர்தல் வந்து, நான்காவது வார்டு பெண்களுக்கு என்றானதும், கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்களே சேர்ந்து அவரை நிற்க வைத்தார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தியாவது ஷூ கம்பெனிக்குப் போகிறவள். அக்கா ஒன்றைச் சரி என்றால் அது சரி. அவர் ஜெயித்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இனி அந்தச் சேற்றுக்கு வருகிறேன். ஊருக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில், பாலாற்று ஓரமாக, எப்போதோ மூடிப்போன நான்கு தோல் தொழிற்சாலைகள் இருந்தன. முதலாளிகள் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன குரோமியச் சேறு மட்டும் கிளம்பவில்லை. கறுப்பும் பச்சையுமாக ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மழை வந்தால் கரைந்து ஆற்றுக்குள் இறங்கும். அதை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில் பெரிய குழி வெட்டி, களிமண்ணும் கெட்டியான பிளாஸ்டிக்கும் விரித்துப் புதைப்பது என்று அரசாங்கத்தில் ஒரு திட்டம் வந்தது. ஊருக்குச் சம்மதம் இல்லையென்றால் சேறு இருக்கிற இடத்திலேயே இருக்கும், ஒவ்வொரு மழைக்கும் ஆற்றில் இறங்கும். இரண்டில் எது பெரிய கேடு என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் ஊர் முழுக்கக் குடிக்கிற ஆழ்துளைக் கிணறு அந்தப் புறம்போக்கிலிருந்து கூப்பிடு தூரம். அது எல்லோருக்கும் தெரியும்.

இருபத்திரண்டாம் வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுச் சிறப்புக் கிராம சபை கூட்டினார்கள். எங்கள் தலைவர் அரக்கோணம் பக்கம் மனை வாங்கி விற்கிறவர். ஊரில் தங்குவது குறைவு. அன்று வெள்ளை வேட்டியில் முதல் ஆளாக வந்துவிட்டார். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். குழியை வடிவமைத்த பொறியாளர் பிரேம்குமார் சென்னையிலிருந்து வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். பட்டப்பகலில் திரையில் படம் காட்டினார். ஒரு படமும் தெரியவில்லை. ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை. எத்தனை பத்திரமாகச் செய்தாலும், முப்பது வருடத்துக்குள் இந்தக் குழியின் அடிவிரிப்பு கசிய நூற்றுக்கு மூன்று வாய்ப்பு உண்டு என்றார். அந்த மூன்றும் ஒரு மதிப்பீடுதான், ஒன்றாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம் என்று சொன்னார். இந்தப் பிற்பாதியைச் சொல்லும்போது தலைவர் எல்லோருக்கும் ரோஸ்மில்க் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

இஷ்தியாக் அகமது பாய் மட்டும் டம்ளரை வாங்கவில்லை. ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். புறம்போக்கை ஒட்டி அவருக்குத் தென்னந்தோப்பு. எழுந்து நின்று நிதானமாகக் கேட்டார்.

“வெக்க வேணாம்னு நான் சொல்லல சார். அங்கயே கிடந்தாலும் பேஜார்தான். ஆனா கசிஞ்சா எங்களுக்குத் தண்ணி யார் குடுப்பாங்க? அத எழுதிக் குடுத்துட்டு வெச்சிக்குங்க.”

அந்த ஒரு கேள்விதான் அன்று அங்கே பேசப்பட்டதில் உருப்படியானது. அதிகாரி என் பக்கம் சாய்ந்து, தீர்மானத்தில் நிபந்தனை எதையும் சேர்க்காதீர்கள், நிபந்தனை இருந்தால் கோப்பு திரும்பி வந்துவிடும் என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன். பாயின் கேள்விக்குப் பதிலாக, அதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று மைக்கில் சொல்லப்பட்டது.

பெண்கள் எல்லோரும் தேவகி அக்காவைப் பார்த்தார்கள். நூற்றுக்கு மூன்று என்றால் என்ன அக்கா என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். அக்கா மைக்கை வாங்கவில்லை. இருந்த இடத்திலேயே திரும்பி நின்று சொன்னார்.

“நூறு ஜோடில மூணு ரிஜெக்ட்னா அது நல்ல லாட்டுடி. வாங்குற பையரு அஞ்சு வரைக்கும் ஒத்துக்குறான். மூணுக்கெல்லாம் நாம லாட்ட திருப்புறதில்ல, பாஸ் போட்டு அனுப்புறோம் இல்ல?”

பந்தல் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. புரிந்துவிட்ட சந்தோஷம். காலையிலிருந்து புரியாத மொழியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நடுவே அவர்களுடைய கணக்கை அவர்களுடைய ஆளே சொல்லிவிட்டார். இருநூறு பெண்களுக்கும் தெரிந்த கணக்கு அது. தினமும் கையால் செய்கிற கணக்கு. நூறு ஜோடி வரும், மூன்றில் குறை இருக்கும், மூன்றையும் எடுத்துவிட்டு வேறு மூன்று ஜோடி வைத்துப் பெட்டியை மூடிவிடுவார்கள். வாங்குகிறவனுக்கும் நஷ்டமில்லை, விற்கிறவனுக்கும் நஷ்டமில்லை.

பிரேம்குமார் பதறி எழுந்தார். அது அப்படி இல்லை என்று சொல்ல வாய் திறந்தார். அதிகாரி அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். “அவங்க பாஷையில அவங்களே சொல்லிட்டாங்க. நீங்க குழப்பாதீங்க” என்றார். பொறியாளர் உட்கார்ந்தார். நான் அவர்களுக்குப் பின்னால் ஒரு முழத்தில் இருந்தேன். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவன். அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. நூறு குழி வெட்டி அதில் மூன்றைத் தள்ளப்போவதில்லை. வெட்டப்போவது ஒரே குழி. அது கசிந்தால் எடுத்து வைத்துவிட்டு மாற்ற வேறு குழி கிடையாது, வேறு கிணறும் கிடையாது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வேறு தொட்டியிலிருந்து வருகிறது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள்; வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். எல்லாக் கையும் தூக்கியிருந்தது. இஷ்தியாக் பாய் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார்.

‘வார்டு உறுப்பினர் திருமதி தேவகி அவர்கள் பொதுமக்களுக்கு விளக்கிக் கூறியதன் பேரில் தீர்மானம் ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்று எழுதினேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தது அதிகாரி. எழுதியது நான். பாய் மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, தன் கேள்வியைச் சேர்த்தாயிற்றா என்று கேட்டார். எழுதிவிட்டேன் பாய் என்றேன். அவர் என்னை நம்பி, தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இருபத்து மூன்றாம் வருடம் முடிவதற்குள் குழி வெட்டி, சேற்றைக் கொட்டி, மேலே மண் மூடிப் புல்லும் போட்டுவிட்டார்கள். ஊருக்குச் சிமெண்ட் சாலை வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வந்தது. நான்கு பேருக்குக் காவல் வேலை கிடைத்தது. குழியை ஒப்படைக்க பிரேம்குமார் வந்த அன்று தேவகி அக்கா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். தன் வேலையைப் போலவே அதையும் பார்க்க ஆசை. வேலியைச் சுற்றி நடந்தார், கசிவு தெரிந்துகொள்ளப் பதித்த கண்காணிப்புக் குழாய்களை எண்ணினார், நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

“மத்த தொண்ணூத்தொம்போது குழி எந்தெந்த ஊர்ல சார் இருக்கு?”

பிரேம்குமாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகம் செத்துப் போயிற்று. வேறு எங்கேயும் இல்லை, இது ஒன்றுதான் என்றார். நூறு என்பது கணக்குக்காகச் சொல்வது. இந்த ஒரு குழி தாங்கலாம், தாங்காமலும் போகலாம்; தாங்காமல் போவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் அந்த மூன்று என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கே சொல்ல எழுந்தேன் மேடம் என்றும் சொன்னார். எழுந்தது உண்மைதான்.

மீதி அரை நாளுக்கு அக்கா கம்பெனிக்குப் போகவில்லை. என்னோடு அலுவலகம் வரைக்கும் நடந்தே வந்தார்.

“ஒரே ஜோடி தம்பி. நல்ல ஜோடியா ரிஜெக்டான்னு போட்டு நடந்தாதான் தெரியும். இத்தினி பேரு காலுக்கும் அத நான் மாட்டி வுட்டுட்டேன்” என்றார்.

தீர்மானப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். படித்தார். பாய் கேட்டது எங்கே என்றார். மறைக்க வழி இல்லை; அதிகாரி வேண்டாம் என்றதால் எழுதவில்லை என்று சொன்னேன். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. குழி இன்னும் கசியவில்லையே, இப்போது எழுதிக்கொள்ளலாம் என்றார். கசிந்தால் வெளியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும், சேற்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு தீர்மானம், அதிகாரிகள் கையெழுத்தோடு. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்குக் கிராம சபை மறுபடி கை தூக்க வேண்டும். இரண்டு மாதம் கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொரு இருக்கையாக மாறி உட்கார்ந்து எல்லோரிடமும் பேசினார்.

குடியரசு தினக் கிராம சபைக்கு வந்தது பாதிக் கூட்டம். விரிஞ்சிபுரம் கோயிலில் யாருக்கோ காதுகுத்து என்று ஒரு வேன் நிறையக் கிளம்பிப் போயிருந்தார்கள். தேவகி அக்கா எழுந்து, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. ஏன் தப்பு என்று விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார், எனக்கு அதைவிட நன்றாகச் சொல்ல வராது. ஆனால் முதல் விளக்கம் சந்தோஷத்தைக் கொடுத்தது, இது பயத்தைக் கொடுத்தது. மனிதர்கள் எதை வைத்துக்கொள்வார்கள் என்று தெரியாதா?

செக்கிங் மேசையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற குர்ஷித்தான் முதலில் பேசினாள். பதினைந்து வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள்.

“இன்னாக்கா, பாஸ் போட்ட லாட்ட ரிஜெக்ட்டுன்றே. அப்ப உன் பேச்சுல எத நாங்க நம்புறது?”

தலைவர் பிடித்துக்கொண்டார். கசிந்தால் என்று தீர்மானம் போட்டால் கசியும் என்று நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகும், அப்புறம் இந்த ஊரில் எவன் மனை வாங்குவான், எவன் பெண் எடுப்பான் என்றார். காவல் வேலை கிடைத்தவன் ஒருவன், அக்காவுக்கு யாரோ பின்னாலிருந்து பணம் கொடுக்கிறார்கள் என்றான். வாக்கெடுப்பில் இரண்டு கை எழுந்தது. அக்காவுடையது ஒன்று, இஷ்தியாக் பாயுடையது ஒன்று. ‘போதிய ஆதரவு இன்மையால் தள்ளுபடி’ என்று எழுதினேன். அன்று கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது.

இருபத்தைந்தாம் வருடம் ஆடியில் கண்காணிப்புக் குழாய் ஒன்றின் தண்ணீரில் குரோமியம் ஏறியிருந்தது. அடுத்த மாதம் ஊர்க் கிணற்றிலும் ஏறியிருந்தது. மோட்டாரை நிறுத்திப் பூட்டுப் போட்டார்கள். இரண்டு வாரம் லாரித் தண்ணீர் வந்தது, அப்புறம் எந்தத் திட்டத்தின் கீழ் அனுப்புவது என்று தெரியவில்லை என நின்றுவிட்டது. ஊர் ஜனம் குடத்தோடு தேசிய நெடுஞ்சாலையைத் தாண்டி அடுத்த ஊருக்கு, அதாவது என் ஊருக்கு, வரத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் குழாயைப் பூட்டிவிட்டுச் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிட்டார்கள். ஆய்வு அறிக்கையும் வந்தது. கசிவு குழியிலிருந்தா, அல்லது முப்பது நாற்பது வருடமாக இந்த மண்ணில் ஊறிய பழைய கழிவிலிருந்தா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று பதினாறு பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். படித்தவர்களின் கணக்கில் ஒரு சௌகரியம் இருக்கிறது. குழி தாங்கியிருந்தால் தொண்ணூற்றேழு சொன்னது சரி. தாங்கவில்லை என்றால் மூன்று சொன்னதும் சரி. எப்படிப் போனாலும் அவர்கள் தப்பாவதில்லை.

ஊருக்குத் தப்பு செய்த ஓர் ஆள் வேண்டும். அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், பொறியாளர் வேறு மாநிலத்தில் வேறு குழி பார்க்கப் போய்விட்டார். தினமும் கண்ணில் படுகிறவர் தேவகி அக்கா ஒருவர்தான். நீ சொல்லித்தானே கை தூக்கினோம் என்று குர்ஷித் பஸ்ஸிலேயே கத்தினாள். இரண்டாவது கிராம சபை ஒன்று நடந்ததை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே போய் வந்தது. டிபன் பாக்ஸைத் தனியாகத் திறந்தார். பிரசவத்துக்கு வந்த அவருடைய மகள் பூர்ணிமா குழந்தையோடு இன்னும் அம்மா வீட்டிலேயே இருந்தாள். அக்கா வேலை முடிந்து வந்ததும் அந்தக் குழந்தைக்காகக் குடம் தூக்கிக்கொண்டு போவார். வரிசையில் அவருக்கு இடம் விடமாட்டார்கள். கடைசியில் நின்று பிடிப்பார். ஆறு மாதக் குழந்தைக்கும் அந்தத் தீர்மானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஊரில் ஓர் ஆள் இல்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் விசாரணைக்குப் புதிய அதிகாரி வந்தார். ஊராட்சி அலுவலகத்தில் அவர், தேவகி அக்கா, நான் என்று மூன்று பேர்தான். மக்களை நம்ப வைத்தது யார் என்று எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது என்றார். தண்ணீர் கேட்டு ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். அனுமதிக்கும்போதே அப்படி ஏதாவது நிபந்தனை வைத்தார்களா, வைத்திருந்தால் உடனே குழாய் போட வழி இருக்கிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

தேவகி அக்கா என் பக்கம் திரும்பினார். பாய் கேட்டார், நான் எழுதவில்லை என்று சொன்னால் போதும். வேலை போகும். பென்ஷனும் போகலாம். முந்தின நாள்வரை அந்தப் பதிலைப் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தவன்தான். “பதிவுல அப்படி எதுவும் இல்ல சார்” என்றேன். அதில் பொய் ஒரு எழுத்து கிடையாது.

அக்கா என்னிடமிருந்து பார்வையை எடுத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்.

“நான் தப்பாத்தான் சொன்னேன் சார். எனக்குத் தெரிஞ்ச கணக்க வெச்சி சொன்னேன். நான் ஷூ செக் பண்றவ. அன்னிக்கி அந்த மேடையில படிச்சவங்க இத்தினி பேரு இருந்தாங்களே, நான் தப்பு பண்றேன்னு தெரிஞ்சும் ஏன் சார் ஒருத்தரும் என்ன நிறுத்தல? என் மேசைக்குத் தப்பான ஜோடி வந்து, அத நான் பாத்துட்டும் வுட்டா, தெச்சவளயா கேப்பாங்க? என்னத்தானே கேப்பாங்க?”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி, சுருக்கமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் எழுதினேன்: ‘வார்டு உறுப்பினர் திருமதி தேவகி, தாம் பொதுமக்களுக்குத் தவறான விளக்கம் அளித்ததை ஒப்புக்கொண்டார்.’ புத்தகத்தைக் கையெழுத்துக்காக அவர் பக்கம் நகர்த்தினேன். அக்கா விரலை வைத்து வார்த்தை வார்த்தையாக ஒரு முறை படித்தார். மறுபடி முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார்.

“இதுல தப்பு ஒண்ணும் இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.